சிகரெட்டை விடும் நண்பருக்குத் துணை நிற்க

முதலில் ஒன்று கேளுங்கள்: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? அரை மணிக்குள் என்றால் சிகரெட் ஏக்கத்தைத் தணிக்கும் நிக்கோட்டின் சூயிங்கம் 4 மி.கி., பிறகென்றால் 2 மி.கி. இதய நோய் உள்ளவர் மருந்தாளரைக் கேட்டுவிட்டு வாங்கட்டும்.

பலர் அதை மிட்டாய்போல் மென்று, விக்கலும் குமட்டலும் வந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். காரம் ஏறும்வரை மெதுவாக மென்று கன்னத்தோரம் ஒதுக்க வேண்டும்; தணிந்ததும் மறுபடி. இப்படி அரை மணி நேரம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காப்பி, குளிர்பானம் கூடாது. வாயில் அமிலம் இருந்தால் நிக்கோட்டின் சரியாக உள்ளே இறங்காது.

முதல் சில நாள்தான் கடுமை. ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் அடங்கும். அப்போது அழைத்தால் போனை எடுங்கள். அறிவுரை வேண்டாம், வேறு பேச்சுப் பேசுங்கள். காப்பிக்கடையில் புகைபிடிக்கும் மூலையிலிருந்து தள்ளி உட்காருங்கள். காப்பியும் பாதியாகட்டும்: புகை நின்றதும் காஃபீன் உடலில் கூடுதல் நேரம் தங்கும், அந்தப் படபடப்பைச் சிகரெட் ஏக்கமென்று நினைத்துவிடுவார்.

இடையில் ஒன்று பிடித்துவிட்டாரா? திட்டாதீர்கள். எங்கே, யாருடன் என்று மட்டும் கேளுங்கள், அன்றே தொடரட்டும். மின்சிகரெட்டுக்குத் தாவ விடாதீர்கள், சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். ஆலோசனைக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் எண் 1800 438 2000.