பேட்ச் ஃபைலில் ஃபார் லூப்: ஸ்பேஸ் வந்தால் சறுக்கும் இடங்கள்

"ஸ்பேஸ் பிரச்சினையா? டபுள் கோட் (இரட்டை மேற்கோள்குறி) போடு, சரியாகிவிடும்" என்பார்கள். பாதி உண்மைதான். விண்டோஸ் பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்), ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பில் அதே கோட் ஓரிடத்தில் காப்பாற்றும், இன்னோரிடத்தில் காலை வாரிவிடும்.

சாதாரண ஃபாரில் அடைப்புக்குறிக்குள் மார்ச் பில் என்று வெறுமனே எழுதினால் லூப் இரண்டு முறை ஓடும்: முதலில் மார்ச், அப்புறம் பில். காற்புள்ளி, அரைப்புள்ளி, சமக்குறி இருந்தாலும் இதே கதைதான். "மார்ச் பில்" என்று கோட் போட்டால் ஒன்றாக வரும். ஆனால் கோட்டும் சேர்ந்தே %%ஏ-வுக்குள் (ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய பெயரை வைத்திருக்கும் மாறி, %%A) போய் உட்காரும். அதன்மேல் இன்னொரு ஜோடி போட்டால் ""மார்ச் பில்"" ஆகி மறுபடி உடையும். எப்போதும் "%%~ஏ" என்றே எழுதிவிடுங்கள். ~ பழைய கோட்டை உரித்துவிடும், வெளியே இருப்பது ஒன்றே ஒன்று.

மார்ச்*.பிடிஎஃப் என்று வைல்ட்கார்டு (எந்த எழுத்துக்கும் பொருந்தும் * குறி) கொடுத்தால் பெயர் உடையாமல் முழுசாகவே வரும். அந்த நம்பிக்கையில்தான் ஒருமுறை லூப்புக்குள் டெல் %%ஏ என்று (டெல் என்பது ஃபைலை அழிக்கும் கட்டளை) கோட் இல்லாமல் எழுதினேன். மார்ச் பில்.பிடிஎஃப் வந்ததும் டெல் அதை இரண்டு ஃபைலாகப் படித்தது. மார்ச் என்று எதுவும் இல்லை, பில்.பிடிஎஃப் என்று வேறொன்று பக்கத்திலேயே இருந்தது. அழிய வேண்டியது அப்படியே இருக்க, சம்பந்தமில்லாதது போனது. டெல் அழித்தால் ரீசைக்கிள் பின்னிலும் தேட முடியாது.

ஃபார் /எஃப் வேறு ரகம். அது ஃபைலுக்குள் இருப்பதை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியையும் ஸ்பேஸிலும் டேபிலும் வெட்டி, முதல் துண்டை மட்டும் கையில் தரும். முழு வரி வேண்டுமென்றால், எந்த எழுத்தில் வெட்டுவது என்று சொல்லும் "டீலிம்ஸ்=" (delims) அமைப்பை வலப்பக்கம் காலியாக விடுங்கள். பலர், எந்தத் துண்டு வேண்டும் என்று சொல்லும் "டோக்கன்ஸ்=*" (tokens) போடுவார்கள்; அது வரியின் தொடக்கத்தில் உள்ள ஸ்பேஸை விழுங்கிவிடும்.

படிக்க வேண்டிய ஃபைலின் பெயரிலேயே ஸ்பேஸ் இருந்தால்? கோட் போட்டுப் பாருங்கள்: ஃபைல் திறக்காது, அந்தப் பெயரையே ஒரு வரியாக எடுத்துக்கொண்டு லூப் ஒரு சுற்றோடு நின்றுவிடும். பிழைச் செய்தியும் வராது. யூஸ்-பேக்-க்யூ (usebackq) என்ற அமைப்பைச் சேர்த்தால்தான் டபுள் கோட்டுக்குள் இருப்பது ஃபைல் என்று அதற்குப் புரியும். ஸ்பேஸையே பிரிப்பானாகத் தருவதென்றால் டீலிம்ஸைக் கடைசியில் எழுதி, மூடும் கோட்டுக்குச் சற்று முன்னால் அந்த ஸ்பேஸை வையுங்கள்.