வாக்கிங் ஸ்டிக் நடக்காது: ஜெரண்ட், பார்ட்டிசிப்பிள், இன்பினிட்டிவ் பிழைகள்

போன வாரம் ஒரு மாதிரித் தேர்வுத் தாளைத் திருத்தினேன். பாதிப் பேருக்கு மேல் ஒரே கேள்வியில் சறுக்கியிருந்தார்கள். நான் படித்த காலத்தில் சறுக்கிய அதே இடம். அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கிலீஷ் வினைச்சொல்லின் 'இங்' (-ing) வடிவம் பெயர்ச்சொல் போல நின்றால் ஜெரண்ட். வினையிலிருந்து வந்து அடைமொழியாகவோ, 'இஸ்' போன்ற துணைவினையோடோ நிற்பது பார்ட்டிசிப்பிள். வினையின் மூல வடிவம், பெரும்பாலும் 'டு'வோடு வருவது, இன்பினிட்டிவ். 'இங்' சேர்க்கும்போது எழுத்து எப்படி மாறும் என்பதற்கெல்லாம் பாடப்புத்தகம் போதும்.

பெயருக்கு முன்னால் 'இங்' வந்தாலே பார்ட்டிசிப்பிள் என்பது

கேள்வி இதுதான்: 'கிராண்ட்பா பாட் எ வாக்கிங் ஸ்டிக்.' இதில் 'வாக்கிங்' என்ன வகை?

ஸ்டிக் பெயர்ச்சொல், அதற்கு முன்னால் நிற்பது அடைமொழி, அடைமொழி என்றால் பார்ட்டிசிப்பிள். எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் இரண்டு வருடம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒரு போட்டித் தேர்வின் விடைக்குறிப்பு வந்த அன்று மாணவி ஒருத்தி போன் செய்தாள். "மிஸ், நீங்க சொன்னதைத்தான் போட்டேன். ஜெரண்ட்னு போட்டிருக்காங்க." போனது ஒன்றரை மதிப்பெண். தரவரிசையில் அது எத்தனை இடம் என்று தேர்வு எழுதியவர்களுக்குத் தெரியும்.

அன்று ராத்திரி யோசித்தபோதுதான் பிடிபட்டது. நம் தமிழ்க் காதுதான் இங்கே வழி தவற வைக்கிறது. தமிழில் பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறு வகைப் பெயரையும் ஏற்கும். 'தூங்குகிற குழந்தை' என்கிறோம், 'தூங்குகிற நேரம்' என்கிறோம், 'குடிக்கிற தண்ணீர்' என்றும் சொல்கிறோம். எல்லாமே பெயரெச்சம்தான். இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் வரும் 'இங்' பார்ட்டிசிப்பிளுக்கு அந்தத் தாராளம் கிடையாது. பின்னால் வரும் பெயர்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

ஆகவே தமிழில் பெயர்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெயர் அந்த வேலையைச் செய்கிறதா என்று கேளுங்கள். 'ஸ்லீப்பிங் பேபி': குழந்தை தூங்குகிறது, பார்ட்டிசிப்பிள். 'ஸ்லீப்பிங் பேக்': பை தூங்காது, அது தூங்குவதற்கான பை, ஜெரண்ட். 'பாய்லிங் வாட்டர்' என்றால் தண்ணீரே கொதிக்கிறது. 'டிரிங்கிங் வாட்டர்' என்றால் தண்ணீர் எதையும் குடிக்கவில்லை, நாம் குடிப்பதற்காக இருக்கிறது. முன்னது பார்ட்டிசிப்பிள், பின்னது ஜெரண்ட். தாத்தா வாங்கிய தடியும் அப்படித்தான்.

'டான்சிங் டீச்சர்' மட்டும் இரண்டு பக்கமும் போகும். 'டான்சிங்' மேல் அழுத்தம் வைத்துச் சொன்னால் நடனம் சொல்லித்தருபவர். 'டீச்சர்' மேல் வைத்தால் ஆடிக்கொண்டிருக்கும் ஆசிரியர். தாளில் அழுத்தம் தெரியாது, அதனால் முழு வாக்கியத்தையும் படிக்க வேண்டும்.

இன்றும் சில கைடுகளில் அந்தப் பழைய விதியைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை நம்பித்தான் பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள்.

'டு' கண்டதும் இன்பினிட்டிவ் என்பது

'ஐ லுக் ஃபார்வர்டு டு மீட்டிங் யூ.' இந்த 'டு' வெறும் முன்னிடைச்சொல் (பிரிப்போசிஷன்), 'மீட்டிங்' ஜெரண்ட். சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயரைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்டு டு தி ஹாலிடேஸ்' சரியாக நிற்கும். 'வான்ட் டு தி ஹாலிடேஸ்' நிற்காது. அப்புறம், விண்ணப்பக் கடிதத்தில் 'லுக் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று எழுதாதீர்கள்.

'டு' இல்லாவிட்டால் இன்பினிட்டிவ் இல்லை என்பது

'ஷி மேட் மீ க்ரை.' அவள் என்னை அழ வைத்தாள். இங்கே தமிழ் கைகொடுக்கிறது: நம் 'அழ'தான் அவர்களுடைய 'க்ரை'. இந்த மாதிரி வாக்கியத்தில் 'மேட்', 'லெட்' இரண்டுக்கும் பின்னால் 'டு' வராது, ஆனாலும் அங்கே வரும் வினை இன்பினிட்டிவ்தான்.

'இஸ்'ஸுக்குப் பின்னால் வரும் 'இங்'

'ஷி இஸ் சிங்கிங்': அவள் பாடுகிறாள், பார்ட்டிசிப்பிள். 'ஹெர் ஹாபி இஸ் சிங்கிங்': பொழுதுபோக்கு பாடாது, ஜெரண்ட்.

'இங்' இல்லாத பார்ட்டிசிப்பிளை மறப்பது

'புரோக்கன் சேர்', உடைந்த நாற்காலி. இதுவும் பார்ட்டிசிப்பிள்.