சூப்பர்சாக்ஸ் ஆல்பம் கேக்கும்போது அரேஞ்சரை கோட்டை விடுற தவறுகள்

சூப்பர்சாக்ஸ்ங்கறது 'பேர்ட்'னு பட்டப்பேர் வாங்கின ஜாஸ் சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரோட சோலோக்களை (அந்த நொடியில தோணுறதை தனியா வாசிக்குறது) அஞ்சு சாக்ஸபோன்ல சேந்து வாசிச்ச குரூப். 1973-ல கேபிடல் லேபிள்ல வந்த அவங்க 'சூப்பர்சாக்ஸ் ப்ளேஸ் பேர்ட்' ஆல்பத்தை பத்தி பேச்சு வந்தா சீக்கிரமே ஒரு டயலாக் விழும்: "சார்லி பார்க்கர் வாசிச்ச சோலோவை அப்படியே எழுதி எடுத்து அஞ்சு சாக்ஸபோன்ல வாசிச்சிருக்காங்க, அவ்ளோதான்." அந்த 'அவ்ளோதான்'ல தான் வினையே. எழுதி எடுக்குறது முதல் படி, அது அரேஞ்ச்மென்ட் ஆகாது. எந்த வாத்தியம் எந்த நோட்டை வாசிக்கணும்னு முடிவு பண்ணி எழுதுறதுதான் அரேஞ்ச்மென்ட், அதை எழுதுறவர் அரேஞ்சர்.

அஞ்சு சாக்ஸ்ல யார் என்ன வாசிக்குறாங்கன்னு பாத்தாலே புரிஞ்சுடும். மேல் ஸ்தாயியில இருந்து கீழ வரிசையா ரெண்டு ஆல்ட்டோ, ரெண்டு டெனர், ஒரு பாரிட்டோன். லீட் ஆல்ட்டோ (முதல் ஆல்ட்டோ) பார்க்கரோட லைனை வாசிக்குது, அதே லைனை ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழ பாரிட்டோன் வாசிக்குது. நடுவுல இருக்குற மூணு பேர் வாசிக்குறது பார்க்கர் வாசிக்கவே வாசிக்காத நோட்டுங்க, ஒவ்வொண்ணும் அரேஞ்சர் உக்காந்து எழுதினது. அதாவது ஒரு நேரத்துல கேக்குற அஞ்சு நோட்டுல மூணு அரேஞ்சரோடது, இதை போய் காப்பின்னு சொன்னா என்ன சொல்றது.

சரி, மெலடிக்கு கீழயே நூல் பிடிச்ச மாதிரி ஒரே இடைவெளியில ஹார்மனி (மெலடியோட சேந்து ஒலிக்குற துணை நோட்டுங்க) போட்டுட்டு போயிருப்பாங்கன்னு நினைக்குறது அடுத்த தப்பு. அப்படி போட்டா ரெண்டு பார் (தாளக் கட்டம்) தாண்டாது, அடியில ஓடுற கார்டோட (ஒண்ணா சேந்து ஒலிக்குற நோட்டுங்க) மோதிடும். ஒரு சின்ன எடுத்துக்காட்டு, பாடப்புத்தகத்துல வர்ற வழிதான்: அடியில ஸி சிக்ஸ்த் கார்டு ஓடுதுன்னு வைங்க, அதுல ஸி, ஈ, ஜி, ஏ நாலு நோட்டு. மெலடியில ஸி வந்தா கீழ ஏ, ஜி, ஈ வெச்சு அடுக்கிடலாம், கஷ்டமே இல்ல. அடுத்து மெலடி டி-க்கு போகுது, அது கார்டுல இல்லாத நோட்டு. கீழ இருக்குறவங்க பழைய நோட்டுலயே நின்னா லைன் நகராம கனமா கெடக்கும், அதனால அந்த ஒரு நோட்டுக்கு மட்டும் பி, ஏ ஃப்ளாட், எஃப் வெச்சு ஒரு டிமினிஷ்ட் கார்டு (நிலையா நிக்காம அடுத்ததுக்கு இழுக்குற கார்டு), உடனே ஈ வரும்போது திரும்ப ஸி சிக்ஸ்த். பார்க்கர் லைன்ல இந்த மாதிரி கடந்து போற நோட்டுங்க, அரை ஸ்வரமா வழுக்குற நோட்டுங்க பொழியும், ஒவ்வொண்ணுக்கும் இப்படி ஒரு முடிவு எடுக்கணும். இதுல பாவம் ரெண்டாவது ஆல்ட்டோவும் டெனர்காரங்களும்தான், ஏன்னா பார்க்கரோட லைன் அவரோட விரலுக்கு அவரே போட்டது, இவங்களுக்கு கிடைக்குற நடு லைன் எந்த கைக்கும் தோதா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா வேகம் மட்டும் அதே வேகம்.

அந்த வேகத்தால வர்ற ஒரு தப்பு இருக்கு, ஆல்பத்துல இருக்குற 'கோ-கோ' பாட்டுல நேரா ஆரம்பிக்குறது. பார்க்கர் அதை 1945 நவம்பர்ல சவாய் லேபிளுக்கு ரெக்கார்ட் பண்ணும்போதே நிமிஷத்துக்கு 300 பீட் பக்கம் பறக்குது, அந்த ஸ்பீடுல நடு குரல் (அந்த நடு சாக்ஸுங்களோட லைன்) எதுவும் காதுல பிரியாது, 'அடேயப்பா'ன்னு வாயை பொளந்துட்டு போயிடுவோம். முதல்ல 'பார்க்கர்ஸ் மூட்' கேளுங்க, ஸ்லோ ப்ளூஸ். முதல் தடவை லீட் ஆல்ட்டோவை மட்டும் பிடிங்க, அடுத்த தடவை பாரிட்டோன் ஜாக் நிமிட்ஸை மட்டும், மூணாவது தடவை ரெண்டுக்கும் நடுவுல என்ன நகருதுன்னு பாருங்க. அதுக்கப்புறம் பார்க்கரோட 1948 ஒரிஜினலை போட்டா எது யாரோடதுன்னு தானா பிரிஞ்சுடும்.

ஆல்பம் பார்க்கருக்கு ட்ரிப்யூட்டுன்னதும் எல்லா பாட்டும் பார்க்கர் எழுதினதுன்னு போட்டுடுறாங்க, அதுவும் தப்பு. 'ஹாட் ஹவுஸ்' டாட் டேமரன் எழுதினது, 'ரெப்பட்டிஷன்' நீல் ஹெஃப்டி, 'நைட் இன் டுனீஷியா' டிஸ்ஸி கில்லெஸ்பி. 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' இன்னும் சுவாரசியம்: ட்யூன் ஜான் க்ளெனரோடது, 1949-ல ஸ்ட்ரிங்ஸோட வந்த ரெக்கார்டுக்கு அரேஞ்ச் பண்ணது ஜிம்மி கேரல், அதுல பாய்ஞ்ச சோலோ பார்க்கர், அந்த சோலோவுக்கு அஞ்சு குரல் கட்டினது சூப்பர்சாக்ஸ். ஒரே பாட்டுல இத்தனை பேர் கை இருக்கு, ஆப்ல பேர் தேடினா பாதி பேர் காணாம போயிருப்பாங்க.

க்ரெடிட்னு வந்ததால இதையும் சொல்லிடறேன், எல்லாத்தையும் குரூப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஆல்ட்டோ ப்ளேயர் மெட் ஃப்ளோரி தலையில மட்டும் கட்டாதீங்க. (மனுஷன் டிவி வெஸ்டர்ன் சீரியல்கள்ல நடிகராவும் தலை காட்டினவர், அது தனிக்கதை.) 1972-ல அவரோட சேந்து குரூப்பை ஆரம்பிச்ச பேஸ் ப்ளேயர் பட்டி கிளார்க்கும் அரேஞ்ச்மென்ட் எழுதினவர்தான்.

இன்னொரு பக்கம், அரேஞ்சரை தூக்கிப் பிடிக்குறேன்னு பார்க்கரையே மிஞ்சிட்டாங்கன்னு எழுதுறவங்களும் இருக்காங்க. 1974-ல கிராமி வாங்கின ஆல்பம்தான், ஆனா அதுக்காக? பார்க்கர் அந்த திருப்பத்தை அந்த நொடியில போட்டார், இங்க அஞ்சு பேருக்கும் அடுத்து என்ன வரப்போகுதுன்னு பேப்பர்ல இருக்கு, அந்த நொடியோட ஆபத்து போச்சு, எந்த வாய்ஸிங்கும் (நோட்டுகளை வாத்தியங்களுக்கு பிரிச்சு அடுக்குறது) அதை திருப்பி கொண்டு வராது. வார்ன் மார்ஷ் மாதிரி பியானோ மேதை லென்னி ட்ரிஸ்டானோகிட்ட கத்துகிட்ட டெனர்காரரை, அந்த நொடியில கற்பனை பண்ணி வாசிக்குறதுல அசாத்தியமான ஆளை, சாக்ஸ் கூட்டத்துல ஒருத்தரா உக்கார வெச்சுட்டு சோலோவை பெரும்பாலும் கான்டி கண்டோலியோட ட்ரம்பெட்டுக்கு குடுத்தது எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா ஒத்தை சாக்ஸ்ல பார்க்கர் கோடு காட்டிட்டு போன ஹார்மனி இருக்கே, அது இங்க முழுசா சத்தமாவே கேக்குது. எந்த கார்டை மனசுல வெச்சு அந்த நோட்டை தொட்டார்னு குழப்பமா இருந்தா சூப்பர்சாக்ஸ்ல அந்த இடத்தை போட்டு பாருங்க, அரேஞ்சர் ஒரு பதில் எழுதி வெச்சிருப்பார். அது பார்க்கரோட பதிலாவே இருக்கணும்னு இல்ல, வேற ஆள் எழுதியிருந்தா வேற கார்டு வந்திருக்கும்.