முயல் டிரேக்கு வெளியே ஒன்னுக்குப் போகிறதா? துடைப்பதற்கு முன் பாருங்கள்

ஈரத்தைப் பார்த்ததும் துணியை எடுக்காதீர்கள், எங்கே போயிருக்கிறது, எவ்வளவு, என்ன நிறம் என்று ஒரு நிமிடம் பாருங்கள், பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும்.

சுவரிலும் சோபாவிலும் தெறித்தாற்போல் இருந்தால் அது எல்லை குறிப்பது. அதுவரை ஒழுங்காக இருந்த குட்டி நாலைந்து மாத வயதில் திடீரென்று இப்படிச் செய்தால் பழகியதை மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. திட்டினால் உங்களைக் கண்டு பயப்படுமே தவிர நிறுத்தாது. கருத்தடை ஆபரேஷன்தான் வழி, பெண் முயலுக்கும் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வயதாக ஆகக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். முயல் பார்த்துப் பழகிய டாக்டராகத் தேடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தைய இரவு பட்டினி போடச் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும், ஏனென்றால் முயலால் வாந்தி எடுக்கவே முடியாது, சாப்பாடு நின்றால் குடல்தான் நின்றுபோகும். ஆபரேஷன் முடிந்தும் பழக்கம் அடங்கச் சில வாரம் ஆகும்.

டிரேயின் ஓரத்திலேயே குட்டையாகத் தேங்கியிருந்தால் முயல்மேல் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் தினமும் அப்படித்தான் இருந்தது, ஒருநாள் தரையோடு படுத்துக் கவனித்தேன்: முன்னங்கால் இரண்டும் உள்ளே, வாலைத் தூக்கியபடி பின்பக்கம் விளிம்புக்கு வெளியே! துணி ஊறவைக்கிற பெரிய டப் ஒன்றில் ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி வைத்தேன், அன்றோடு சரியாகிவிட்டது. மூட்டு வலியுள்ள வயதான முயலுக்கும் இந்தத் தாழ்ந்த வாசல் உதவும்.

எப்போதும் ஒரே மூலைக்குப் போனால் டிரேயை அங்கேயே நகர்த்துங்கள். முயல் தின்றுகொண்டே ஒன்னுக்குப் போகிற பிராணி, அதனால் காய்ந்த புல்லை டிரேயின் ஒரு ஓரத்திலேயே வையுங்கள். கழுவும்போது, மூத்திரத்தில் நனைந்த காகிதம் கொஞ்சம் உள்ளே விட்டுவையுங்கள், வாசனைதான் அதற்கு வழிகாட்டி, வெளியே போன இடத்தை வினிகரும் தண்ணீரும் கலந்து துடையுங்கள். பூனைக்கு விற்கிற, கட்டியாகிற மணல் மட்டும் வேண்டாம், தின்றால் குடல் அடைக்கும்.

அப்புறம் நிறம். கீரை, கேரட் தின்றபின் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகலாம், லேசான வெள்ளைக் கலங்கலும் சுண்ணாம்புச் சத்துதான், பயமில்லை. ஆனால் பசைபோல் கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, தொடை எப்போதும் நனைந்திருந்தாலோ டிரேயை மறந்துவிட்டு அன்றே டாக்டரிடம் போங்கள். முக்கியும் ஒன்றுமே வரவில்லை என்றால் இரவானாலும் காத்திருக்காதீர்கள்.