தோட்டத்து ஊரில் எல்லாருக்குமான கோரிக்கைப் பட்டியல் எழுதுவது எப்படி

திருநங்கையர், திருநம்பியர், தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காகத் தோட்டப்புறங்களில் வேலை செய்பவர்களுக்கான வழிகாட்டி இது. மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா மாதிரியான ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் செம்பனை, நடுவில் சில தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்), ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், வாரம் ஒருநாள் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை. இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கோலாலம்பூரில் எழுதிய பட்டியலைத் தமிழாக்கி இங்கே நீட்டினால் யாரும் கையில் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒரு திருநங்கையை இங்கே தினமும் நெருக்குகிற அடையாள அட்டை, வேலை, வீடு, லாக்கப், பள்ளிக்கூடம் எல்லாமே பக்கத்து வீட்டாரையும் நெருக்குகின்றன. பட்டியலை அங்கிருந்து தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகு திருநங்கையின் பெயரை அதிலிருந்து நழுவ விடவும் கூடாது. இரண்டில் கடினமானது பின்னதுதான்.

யார் உட்கார வேண்டும்

முடிவெடுக்கும் குழு ஐந்து அல்லது ஆறு பேரோடு நிற்கட்டும். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டம் ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்த அமைப்பைச் சங்கமாகக் கருதுகிறது. பதிவில்லாவிட்டால் அது சட்டவிரோதச் சங்கம். எனவே உறுப்பினர் அட்டை, சந்தா, லெட்டர்ஹெட் எதுவும் வேண்டாம். ஆள் பெருகினால், ஏற்கெனவே பதிவுபெற்ற ஒரு அமைப்பின் கீழ் துணைக்குழுவாக இயங்குவது நல்லது.

ஆறு பேரில் இருவராவது தாங்களே திருநர் அல்லது தன்பாலீர்ப்பாளராக இருக்க வேண்டும். அதிலும் ஒருவர் தோட்ட வீட்டில் குடியிருப்பவராக இருக்க வேண்டும். வெளிக்காட்டு வேலை (தோட்டத்தில் மரங்களுக்கிடையே செய்யும் வேலை) பார்ப்பவர் ஒருவர், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் ஒருவர், மலாயில் கடிதம் எழுதத் தெரிந்தவர் ஒருவர். ஆறாவது ஆளைத் தேடும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த ஊர்க் கோயில் நிர்வாகத்தில் எந்தக் குடும்பங்களுக்கு இதுவரை இடமே கிடைத்ததில்லை? அந்தக் குடும்பங்களில் இருந்து ஒருவரைக் கொண்டுவாருங்கள். சாதியைத் தொடாமல் சமத்துவம் பேசுகிற குழுவை இந்த ஊர் ஒரே வாரத்தில் அடையாளம் கண்டுவிடும்.

கேட்பது

மூன்று வாரத்தில் பதினைந்து வீடுகள் போதும். பழம் வெட்டுகிறவர்கள் விடியலில் கிளம்பிவிடுவார்கள். மாலை ஐந்துக்குப் பிறகு போங்கள். சம்பள நாளில் போகாதீர்கள். கையில் ஃபாரம் வேண்டாம்.

"எல்ஜிபிடி பத்தி என்ன நினைக்கிறீங்க?" என்று எந்த வீட்டிலும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு மனிதர்கள் அனுபவத்தைச் சொல்ல மாட்டார்கள், அபிப்பிராயத்தைச் சொல்வார்கள். வீட்டார் எதிரில் ஒருமுறை சொன்ன அபிப்பிராயத்தை யாரும் சுலபத்தில் மாற்றிக்கொள்வதில்லை. அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: "அக்கா, போன வருசம் எந்தக் கவுண்டர்ல உங்களைத் திருப்பி அனுப்பினாங்க?" அடுத்து: "பயந்துக்கிட்டு போகாமலே விட்ட இடம் எது?" இந்த இரண்டு கேள்விக்கும் வயதான மண்டோரும் (மேற்பார்வையாளரும்) பதில் சொல்வார், திருநங்கையும் பதில் சொல்வார். இரண்டு பதிலும் அடிக்கடி ஒரே அலுவலகத்தில் போய் முட்டும். உங்கள் பட்டியலுக்கான முதல் வரி அதுதான்.

குறிப்பில் பெயர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், வீட்டு எண், படம் எதுவும் எழுத வேண்டாம். வீடு 1, வீடு 2 என்றால் போதும். வாட்ஸ்அப் குழுவில் எதையும் பகிராதீர்கள். ஒரு கைப்பேசி பறிமுதலானால் குழுவில் உள்ள எல்லாரும் அம்பலம். பட்டியல் எழுதி முடிந்ததும் குறிப்புகளைக் கிழித்து எரித்துவிடுங்கள்.

நாலு கட்டம்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தாள், அதில் நாலு கட்டம்: இது யாருக்கெல்லாம் நேர்கிறது, முடிவு யார் கையில், எந்தச் சட்டத்தைப் பிடிக்கலாம், எப்போதுக்குள். முதல் கட்டத்தில் குறைந்தது இரண்டு வகை மனிதர்கள் இல்லாவிட்டால் அந்தத் தாள் இன்னும் தயாராகவில்லை. இரண்டாவதில் 'அரசாங்கம்' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். எந்த அதிகாரி, எந்தக் கிளை என்று வேண்டும். ஐந்து தாளுக்கு மேல் போகாதீர்கள். பத்துக் கோரிக்கை வைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தனக்குச் சுலபமான ஒன்றைப் பொறுக்கிக்கொள்வார்.

முதல் தாள் அடையாளப் பத்திரங்களைப் பற்றியதாக இருக்கட்டும். மைகார்டு என்ற அடையாள அட்டை எண்ணின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. தேசியப் பதிவிலாகாவில் திருநங்கை தன் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. ஆகவே வேலைக்கு மனுப்போடும்போதும் வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் அந்த ஓர் இலக்கமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதே கவுண்டரில் வேறு யார் நிற்கிறார்கள்? 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் பிறகும் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட தம்பதிகள் தோட்டங்களில் உண்டு. பதிவில்லாத் திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாயிடம் பத்திரமில்லை என்றால் பிள்ளையும் நாடற்றதாகிறது. கடப்பிதழை முதலாளியிடம் பறிகொடுத்த வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளிக்கும் இந்தத் தாளில் இடமுண்டு. பிறர் கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம்.

இந்தத் தாளை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திர முகாம் நடத்துங்கள். கோயில் மண்டபமோ பள்ளி மண்டபமோ போதும். மூன்று மேசை போடுங்கள். முதல் மேசையில் பிறப்புப் பத்திரம், தாமதப் பதிவு, திருமணப் பதிவு. இரண்டாவதில் கே.டபிள்யூ.எஸ்.பி. (தொழிலாளர் சேமநிதி) வாரிசு நியமனமும் உயிலும். மூன்றாவது, திரை போட்ட மூலையில் வழக்கறிஞர்; அங்கே கேட்டது வெளியே வராது. மூன்றையும் கலந்து வைப்பதற்குக் காரணம் உண்டு. திருநங்கைகளுக்கு மட்டும் என்று முகாம் போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். வந்தவரை ஊரே எண்ணிவிடும். வரிசையில் பாட்டியும் நின்றால், யார் எதற்கு நிற்கிறார் என்று தெரியாது.

இரண்டாவது மேசைக்கு வரும் கூட்டத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முஸ்லிம் அல்லாதவர் தன் கே.டபிள்யூ.எஸ்.பி. சேமிப்புக்கு யாரை வேண்டுமானாலும் வாரிசாக நியமிக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. முஸ்லிமாக இருந்தால் நியமிக்கப்படுபவர் பணத்தை வாங்கிச் சட்டப்படி பங்கிட்டுக் கொடுப்பவர் மட்டுமே. இருபது வருடம் கூட வாழ்ந்த துணைக்கு, திருமணப் பதிவு இல்லையென்றால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டத்தில் பங்கே இல்லை. அதனால் உயில் கட்டாயம்: எழுதுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருந்து கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. அதிகம் நடக்கும் தவறு இதுதான். இது இரண்டு பெண்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்கும் வேண்டும், பதிவில்லாத இரண்டாம் தாரத்துக்கும் வேண்டும், பெற்றெடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கும் வேண்டும்.

வேலைத் தாளில் குறைந்தபட்சச் சம்பளத்தை எழுதுங்கள்: மாதம் 1,700 ரிங்கிட், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதல், மற்றவர்களுக்கு அந்த ஆகஸ்ட் 1 முதல். அடுத்த வரியிலேயே பாகுபாட்டை எழுதுங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவில் பாலினம் என்ற சொல் 2001இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அடிப்படை உரிமைகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் முதலாளியை அல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொல்லிவிட்டது. ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் அரசியலமைப்பை நீட்டினால் பலன் குறைவு. 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் உள்ள 69எஃப் பிரிவைப் பிடியுங்கள்: வேலையிடப் பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் இலாகா விசாரிக்கலாம். எவை எவை பாகுபாடு என்று அந்தப் பிரிவு வரையறுக்கவில்லை. அது குறைதான், வாசலும்தான். முடி, நடை, குரல் காரணமாக நீக்கப்பட்டவரின் புகாரையும், கர்ப்பம் காரணமாக நீக்கப்பட்டவரின் புகாரையும் ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வீட்டுத் தாளில் தோட்டம் விற்கப்பட்டதால் வெளியேறச் சொல்லப்பட்ட பழைய தொழிலாளியும், அடிக்கும் கணவனிடமிருந்து ஓடி வந்த பெண்ணும், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளையும் வரட்டும். இரவு தங்க ஓர் அறை, மூன்று நாள் சாப்பாடு, காலையில் துணைக்கு ஒருவர். முதல் ஏற்பாடு இவ்வளவுதான்.

பள்ளித் தாளில் நேராகவே எழுதுங்கள். 2017 ஜூனில் பினாங்கில் 18 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன், பெண்மைச் சாயல் என்று கேலிசெய்து அடிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட தாக்குதலில் உயிரிழந்தான். 2024இல் இணையத் துன்புறுத்தலால் ஒரு தமிழ்ப் பெண் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, தொடர்புடைய ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தக் கொதிப்புக்குப் பின் 2025இல் தண்டனைச் சட்டத்தில் 507பி தொடங்கிப் பகடிவதைக்கான பிரிவுகள் சேர்ந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்க வேண்டியது ஒரு வரி: பள்ளியின் புகார் நடைமுறையில் 'நடை, குரல், சாயல் காரணமான கேலி' என்ற சொற்கள் இருக்க வேண்டும். பொதுவாக 'கேலி கூடாது' என்று மட்டும் எழுதினால், பெண்மைச் சாயலுள்ள பையனை அடித்ததைத் திருத்தியதாகக் கணக்கு வைப்பார்கள்.

காவல் தாள் சின்னது. அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு: கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உள்ளங்கை அளவு அட்டையில் இதைத் தமிழிலும், "சாயா மாஹு பெர்ச்சாக்காப் டெங்கான் பெகுவாம்" (நான் வழக்கறிஞரிடம் பேச வேண்டும்) என்ற வரியை மலாயிலும் அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். லாக்கப்பில் திருநங்கையைத் தனியே வைக்கக் கேட்பதும் இந்தத் தாளில் வரும்.

377ஆம் பிரிவு எங்கே?

ஊர்ப் பட்டியலில் அல்ல, தனித் தாளில். ஏனென்றால் அதன் முடிவு நாடாளுமன்றத்தில். ஆனால் எழுதாமல் விடாதீர்கள். தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கின்றன. இருவர் சம்மதமும் கணக்கில்லை, கணவன் மனைவிக்கும் விலக்கில்லை. ஆங்கிலேயர் விட்டுப்போன அதே வேரிலிருந்து வந்த பிரிவை, வயது வந்தோர் சம்மதத்தைப் பொறுத்தவரை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் நீக்கியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை 2022இல் ரத்துசெய்தது. வீட்டுப் பேச்சில் இந்த மூன்று தகவல் போதும்.

முஸ்லிம் தோழர்களுக்கு இதோடு மாநில ஷரியா குற்றச் சட்டங்களும் சேர்கின்றன. சிலாங்கூர் சட்டத்தில் 'இயற்கைக்கு மாறான' உறவைக் குற்றமாக்கிய 28ஆம் பிரிவு செல்லாது என்று 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும் மற்றப் பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. கூட்டம் எங்கே, எத்தனை பேர், படம் உண்டா என்பதை, அறையில் அதிக ஆபத்து யாருக்கோ அவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். வானவில் நிறத்தில் எதையும் அச்சிட வேண்டாம். 2023இல் வானவில் நிறக் கைக்கடிகாரங்களையே உள்துறை அமைச்சு பறிமுதல் செய்து தடைவிதித்தது.

"அதைப் பிறகு பார்ப்போம்"

கூட்டணி உடையும் இடம் இதுதான். வீட்டுப் போராட்டக் குழுவோ சங்கக் கிளையோ கோயில் தலைவரோ, "ஐயா, நம்ம ஆளுங்கதான், இல்லைங்கல. ஆனா இப்ப இதை எழுதினா வீடே கிடைக்காது" என்பார். கெட்ட எண்ணம் என்று முடிவு கட்டாதீர்கள்; அவருக்கு உண்மையிலேயே பயம். அதற்காக வரியை எடுத்துவிடவும் கூடாது. விதி ஒன்றே: பாதிக்கப்படுகிறவர் அறையில் இல்லாதபோது அவருடைய வரியை யாரும் எடுக்க முடியாது. இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கொடுக்கல் வாங்கலையும் எழுதுங்கள். வீட்டுக்காக அவர்கள் மனுக் கொடுக்கப் போகும் நாளில் உங்கள் ஆறு பேரும் வரிசையில் நிற்பீர்கள். அவர்கள் மனுவில் 'பாலின அடையாளம், பாலீர்ப்பு பாராமல்' என்ற சொற்கள் இருக்கும். நீங்கள் முதலில் போய் நில்லுங்கள். உதவி கேட்டு மட்டும் வருகிறவர்களை இந்த ஊர் மதிக்காது.

2019 மார்ச்சில் கோலாலம்பூர் மகளிர் பேரணி ஐந்து கோரிக்கை வைத்தது. 1,800 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளமும் குழந்தைத் திருமணத் தடையும் அதில் இருந்தன. எதிர்ப்பு முழுவதும் வானவில் கொடிகள் மீதே திரும்பியது. ஏற்பாட்டாளர்கள் போலீஸ் விசாரணைக்கு அழைக்கப்பட்டார்கள். சம்பளக் கோரிக்கை செய்தியில் அமுங்கிப்போனது. ஆகவே முதல் நாள் இரவே முடிவுசெய்ய வேண்டியது: தாக்குதல் வந்தால் திருநங்கைக்காகப் பேசப்போவது யார்? அவர் வெளிக்காட்டுத் தொழிலாளியாக இருக்கட்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசப்போவது திருநங்கையாக இருக்கட்டும். ஆளுக்கு இரண்டே வாக்கியம், தமிழிலும் மலாயிலும், மனப்பாடம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐந்து தாளையும் மேசையில் விரித்து, எந்தத் தாளில் வேலை நடந்தது, எதில் நடக்கவில்லை என்று பாருங்கள். தொடர்ந்து இரண்டு முறை திருநர் வரியில் மட்டும் வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த காலாண்டில் அந்த வரிதான் முதல் வேலை. மற்ற நான்கு தாளும் காத்திருக்கட்டும். அதை அறிவித்த கூட்டத்தில் எழுந்து போனவர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு முன்பே அவரவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.