குளியலறை வாசலில் நின்றுவிடும் பெரியவர்: என் அனுபவம்

டிமென்ஷியா (மறதிநோய்) உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அப்படிப் பயிற்சி கொடுத்த ஓர் இல்லத்தில் ஒரு பெரியவர் குளியலறை வரை ஒழுங்காக வருவார்; வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கையைப் பிடித்து அழைத்தால் கத்துவார். குறிப்பேட்டில் "பிடிவாதம்" என்று எழுதியிருந்தார்கள்.

திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி காரணமாக இருக்கும் என்பதால் முதலில் அதைப் பரிசோதிக்கச் சொன்னேன். தொற்று இல்லை. குளிக்கும் நேரத்தை மாற்றினோம், வெந்நீர் வைத்தோம், பலனில்லை. நோயின் கட்டங்களைப் பற்றி இன்னொரு வகுப்பும் எடுத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், வாசலில் மறுபடி அதே கதைதான்.

சரி, பாடம் போதும் என்று பணியாளர்களுக்கு மஞ்சள் கண்ணாடி மாட்டி, விளக்கைக் குறைத்து, அவர் வரும் வழியிலேயே நடக்கவிட்டேன். (அந்தக் கண்ணாடி முதுமையின் பார்வையைத்தான் காட்டும், டிமென்ஷியாவை அல்ல.) வாசலில் ஒரு பெண் தூக்கிய காலை வைக்காமல் நின்றார். "குழி மாதிரி இருக்கு சார்." வெளிர்நிறத் தரையில் கிடந்தது ஒரு கறுப்பு மிதியடி!

கண் நன்றாக இருந்தாலும், டிமென்ஷியாவில் ஆழத்தைக் கணிக்கும் திறன் குறையலாம். கறுப்புத் திட்டு பள்ளமாகவும், பளபளக்கும் தரை ஈரமாகவும் தோன்றும்.

மிதியடியை எடுத்துவிட்டுத் தரையின் நிறத்திலேயே வழுக்காத விரிப்பு போட்டோம். அன்று மாலையே உள்ளே போனார். அப்பாடா! சுவர்க் கைப்பிடிக்கு மட்டும் இதற்கு நேர்மாறு: வெள்ளைச் சுவரில் கலந்துபோயிருந்த வெள்ளைக் கைப்பிடியைக் கழற்றிச் சிவப்பில் மாட்டினோம்.