பழைய இன்வெர்ட்டரோடு சோலார் பேனல் சேர்க்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் இருந்தால் சோலாரில் இறங்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. மொட்டை மாடியில் இரண்டு 100 வாட் பேனல், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி), அவ்வளவுதான். ஆனால் இப்படிப் போட்ட பலருக்கும் வரும் புகார் ஒன்றே: ஈபி பில் குறையவே இல்லை.

பெரும்பாலும் பேனல்மேல் குற்றமில்லை. ஈபி கரண்ட் இருக்கும்போதெல்லாம் இன்வெர்ட்டர் தன் சொந்த சார்ஜரால் பேட்டரியை நிரப்பி, 13.7 வோல்ட் அளவில் பிடித்து வைத்திருக்கும். வெயில் ஏறும் நேரத்தில் பேட்டரி ஏற்கெனவே ஃபுல். கன்ட்ரோலர் அதைப் பார்த்ததும் கரண்ட்டைக் குறைத்துவிடும். வீட்டு லோடும் நேராக ஈபியில்தான் ஓடுகிறது. ஆக, பவர் கட்டுக்குப் பிறகு வரும் சில மணி நேரம்தான் பேனலுக்கு வேலை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு டிசி கிளாம்ப் மீட்டர், அதாவது ஒயரைச் சுற்றி மாட்டி கரண்ட்டை அளக்கும் மீட்டர் போதும். நல்ல வெயிலில் பகல் 12 மணிக்கு, கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் ஒயரில் மாட்டிப் பாருங்கள். 200 வாட் பேனலுக்கு 8 முதல் 10 ஆம்பியர் காட்ட வேண்டும். ஒரு ஆம்பியருக்கும் கீழே காட்டினால், இன்வெர்ட்டருக்கு வரும் ஈபி சுவிட்சை அணைத்து, ஃபேன், லைட் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். கரண்ட் மளமளவென்று ஏறினால் சிக்கல் இதுதான்.

தீர்வு, இன்வெர்ட்டருக்கும் ஈபிக்கும் நடுவில் ஒரு எஸ்எம்யு, அதாவது சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் வைப்பது. வெயில் இருக்கும்போது ஈபியைத் துண்டிக்கும். பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் தானே திரும்பச் சேர்க்கும். கையால் அணைத்துப் போடுவதை நிரந்தர வழக்கமாக்க வேண்டாம். மாலையில் ஒருநாள் மறந்தால் போதும், ராத்திரி முழுக்க பேட்டரி காலியாகும். டியூபுலர் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும்.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 200 வாட், நாளுக்கு 5 மணி நேர முழு வெயில், 30 சதவீத இழப்பு என்று கணக்கிட்டால் 700 வாட் அவர் கிடைக்கும். குறைந்த கரண்ட்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் இரண்டு, ஒரு ரவுட்டர், இரண்டு எல்இடி லைட் என்று மொத்தம் 100 வாட்டைப் பகலில் ஆறு மணி நேரம் ஓட்டலாம். இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். சின்னத் தொகைதான். ஆனால் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அந்த 40 யூனிட்டின் மதிப்பே வேறு.

பெரிய பேனல், சின்ன கன்ட்ரோலர்

வாட்டுக்கு விலை குறைவு என்று 330 வாட், 72 செல் பேனலை வாங்கி, 12 வோல்ட் பேட்டரியில் பிடபிள்யூஎம் (பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துத் துண்டிக்கும் எளிய வகை) கன்ட்ரோலரோடு இணைப்பவர்கள் நிறைய. அந்தப் பேனல் 38 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் தரக்கூடியது. பிடபிள்யூஎம் அதைப் பேட்டரி வோல்டேஜுக்கு இழுத்துவிடும். 8.7 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 113 வாட். மீதி இருநூற்றுச் சொச்சம் வாட் வீண்தான். 12 வோல்ட் பேட்டரியில் 72 செல் பேனலுக்கு எம்பிபிடி கட்டாயம். அது பேனலின் கூடுதல் வோல்டேஜைக் கூடுதல் கரண்ட்டாக மாற்றித் தரும் வகை. 36 செல் பேனலென்றால் பிடபிள்யூஎம் போதும்.

எம்பிபிடி என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய மலிவுப் பெட்டிகளும் கடையில் கிடைக்கின்றன. பேட்டரி ஃபுல் ஆகாதபோது பேனல் பக்க கரண்ட்டையும் பேட்டரி பக்க கரண்ட்டையும் அளந்து பாருங்கள். இந்தப் பேனலில் உண்மையான எம்பிபிடி என்றால் பேட்டரி பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் காட்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம்.

பேனலின் பின்பக்க லேபிளில் உள்ள விஓசி அளவையும், அதாவது எதையும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜையும் படியுங்கள். 330 வாட் பேனலுக்கு அது 46 வோல்ட் அளவில் இருக்கும். 50 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலரில் இரண்டை சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் 92 வோல்ட் ஏறி அந்த நொடியே எரிந்துபோகும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் விஓசி இன்னும் உயரும். எந்தக் கன்ட்ரோலரானாலும் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருந்தால் சில கன்ட்ரோலர்கள் பழுதாகும். சில 12 வோல்ட்டை 24 என்று தப்பாக எடுத்துக்கொள்ளும்.

ஒயரில் கஞ்சத்தனம்

மாடியிலிருந்து பேட்டரி வரை 15 மீட்டர் என்றால் போகவும் வரவும் 30 மீட்டர். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் 2.2 வோல்ட் வழியிலேயே தொலையும். 36 செல் பேனலின் 18 வோல்ட், மே மாத வெயிலில் செல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது 15 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதில் 2.2 போனால் மிச்சம் 13 வோல்ட்டுக்கும் கீழே. பேட்டரி நிறைய 14.4 வேண்டும். பேட்டரி நிறையவே நிறையாது. பிளேட்டில் சல்பேட் படியும். பழி பேட்டரி கம்பெனிமேல் விழும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் இழப்பு 0.9 வோல்ட்டுக்கு இறங்கும். வெயில் தாங்கும் சோலார் டிசி கேபிளாக வாங்குங்கள். கன்ட்ரோலரைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், அப்போதுதான் அது பேட்டரியின் உண்மையான வோல்டேஜைப் பார்க்கும்.

வீட்டில் கிடக்கும் ஏசி (ஈபி வகை மாறுதிசை கரண்ட்) எம்சிபியை, அதாவது தானே விழும் பாதுகாப்பு சுவிட்சை, பேனலின் டிசி (நேர்திசை கரண்ட்) லைனில் போடுவது நெருப்போடு விளையாட்டு. ஏசி கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்ச் திறக்கும்போது வரும் பொறி தானே அணைகிறது. டிசியில் அந்த இடைவெளியே இல்லை. பொறி நின்று எரியும், பெட்டி உருகும். டிசி எம்சிபி என்று கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். அதை மாற்றிப் போட்டால் அதுவும் பொறியை அணைக்காது. கன்ட்ரோலருக்குப் போகும் லைனில், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு அடிக்குள் ஒரு ஃபியூஸ் வையுங்கள். 6 ஸ்கொயர் எம்எம் ஒயருக்கு 30 ஆம்பியர் சரி. ஷார்ட் ஆனால் 150 ஏஎச் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும்.

ஒரு கீற்று நிழல்

தென்னங்கீற்று, தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா நிழல் பேனலில் கொஞ்சம்தானே விழுகிறது என்று விடாதீர்கள். நிழல் விழுந்த செல்களைத் தாண்டி கரண்ட்டைத் திருப்பிவிடுவது பைபாஸ் டையோடு. 36 செல் பேனலில் பெரும்பாலும் இரண்டுதான் இருக்கும். ஒரு செல் மறைந்தால் அந்தப் பாதியே ஒதுங்கிவிடும். மீதிப் பாதியின் 9 வோல்ட்டால் 12 வோல்ட் பேட்டரிக்குள் கரண்ட் தள்ள முடியாது. உள்ளங்கை அகல நிழலுக்கு அந்தப் பேனலின் உற்பத்தி கிட்டத்தட்ட பூஜ்ஜியம். இடம் முடிவு செய்யும் முன் காலை 9, பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்வதால் தெற்குப் பக்கத் தொட்டியின் நிழல் இன்னும் நீளும்.

பேனல் தெற்கு நோக்கி 10 முதல் 12 டிகிரி சாய்ந்திருக்கட்டும். படுக்கையாக வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி, காய்ந்ததும் கீழ் ஓரத்தில் மண் படியும். அடியில் காற்று ஓட, குறைந்தது 10 செமீ இடைவெளி விடுங்கள். கழுவுவதானால் விடியற்காலையில், உப்பில்லாத தண்ணீரில். போர் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படிந்து, தேய்த்தாலும் லேசில் போகாது.